பேரேட்டைப் படித்த வக்கீல்கள்

1862இல் நிறுவப்பட்ட சென்னை உயர்நீதிமன்றம், மாநகர எல்லைக்குள் எழும் உரிமையியல் வழக்குகளை மேல்முறையீடாக அல்லாமல் நேரடியாகவே விசாரிக்கும் அதிகாரத்தைத் தனக்கு முன்பிருந்த சுப்ரீம் கோர்ட்டிடமிருந்து பெற்றது; ஒரிஜினல் சைடு என்று இன்றும் வழங்கும் இப்பிரிவில்தான், துறைமுகமும் ஏற்றுமதி நிறுவனங்களும் அருகிலேயே இருந்தமையால், வணிக வழக்காடுதல் ஒரு தனித் திறனாக வளர்ந்தது. ஆங்கிலேய மரபின்படி, கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களைத் திரட்டுபவர் அட்டர்னி, மன்றத்தில் எழுந்து வாதிடுபவர் பாரிஸ்டர் என வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. இந்தியாவிலேயே சட்டம் பயின்ற வக்கீல்களுக்கு, கல்கத்தாவிலும் பம்பாயிலும் நெடுங்காலம் மூடிக்கிடந்த ஒரிஜினல் சைடின் கதவு சென்னையில் முன்னதாகவே திறந்தது. கணக்கைப் படித்தவராலேயே வாதிடவும் முடிந்ததே சென்னை வக்கீலின் பெரும்பலம் என்று கருத இடமுண்டு.

அந்தப் பலம் எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சாட்சியச் சட்டமே காட்டுகிறது. முறையாக எழுதப்பட்டுவந்த கணக்குப் புத்தகத்தின் பதிவு சாட்சியமாக ஏற்கத்தக்கது என்றாலும், அது ஒன்றை மட்டுமே கொண்டு ஒருவரைக் கடனாளியாக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதித்தது. எனவே கடன் கொடுத்தவரின் வக்கீல், அன்றாட வரவுசெலவை எழுதும் நாள்வழியிலிருந்து, ஆள்வாரியாகத் தொகுக்கும் பேரேட்டுக்கும், அங்கிருந்து கையெழுத்திட்ட ரசீதுக்கும் ஒவ்வொரு தொகையையும் தொடர்ந்து சென்று நிறுவ வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலோ, கணக்கை எழுதிய குமாஸ்தாவைக் கூண்டில் நிறுத்தி, இரு வரிகளுக்கிடையே பின்னர் செருகப்பட்ட பதிவையும், மாறிய மையையும், கூட்டுத்தொகை ஒவ்வாத பக்கத்தையும் காட்டிக் குறுக்கு விசாரணை செய்தார். நாவன்மையைவிடப் பொறுமையே இங்கு பெரிதாக மதிக்கப்பட வேண்டியது.

இத்திறனைச் சென்னை முழுவதும் உணரவைத்தது அர்பத்நாட் வங்கியின் வீழ்ச்சி. 1906 அக்டோபர் 22 அன்று அந்நிறுவனம் பணம் வழங்குவதை நிறுத்தியபோது, அதை நம்பி வைப்புத்தொகை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. அது பங்காளிகளின் கூட்டு நிறுவனமாகையால் விவகாரம் திவால் நீதிமன்றத்துக்குச் சென்றது. திவாலானவரின் சொத்துகளைக் கைப்பற்றிக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் நீதிமன்ற அலுவலரான அஃபீஷியல் அசைனி அவற்றைப் பொறுப்பேற்றார். இந்தியக் கடன்காரர்களுக்காக நின்றவர்களுள் முதன்மையானவர், திருவிடைமருதூரில் பிறந்து மயிலாப்பூரில் புகழ்பெற்ற வி. கிருஷ்ணசுவாமி ஐயர். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காக 18 மாதக் கடுங்காவல் பெற்றார். இழந்தவற்றுக்காக வழக்காடியதோடு நில்லாமல், மக்களின் சேமிப்புக்கு நம்பகமான இடம் வேண்டும் என்று கருதிய கிருஷ்ணசுவாமி ஐயர் 1907இல் இந்தியன் வங்கி உருவாவதற்கு முன்னின்றது, இத்தொழிலின் வரலாற்றில் மிகப் பெருமைக்குரிய செயலாகும்.

பாரிஸ்டர், வக்கீல் என்ற வேறுபாடு 1926ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டத்தாலும், பின்னர் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தாலும் மறைந்தது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டமோ தொழிலின் காலக்கணக்கையே மாற்றியது: அழைப்பாணை கிடைத்த 120 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்யாத பிரதிவாதி அவ்வுரிமையை இழக்கிறார், தம் வசமுள்ள ஆவணங்களை இரு தரப்பினரும் தொடக்கத்திலேயே வெளிப்படுத்த வேண்டும் என்பதால், முன்பு சாட்சிக்கூண்டில் நடந்த பேரேட்டு ஆராய்ச்சியின் பெரும்பகுதி இப்போது வழக்குத் தாக்கலாகும் முன்பே வழக்கறிஞரின் அலுவலகத்தில் முடிந்துவிடுகிறது.