மாவு மாறியது, கண் ஆடியது

இது 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் நடந்த கதை. நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த பேங்க் ஆபீசர். ஆனாலும் கணக்கு உதைக்கிற இடம் என்றால் விட மனசு வராது, அதனால் இந்தப் பதிவு.

வலிப்புக்காக ஃபெனிட்டாய்ன் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்கள் பலர் அப்போது தள்ளாட ஆரம்பித்தார்கள். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றார்கள். ஓரமாகப் பார்க்கச் சொன்னால் கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் துடித்தது. இதற்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர். கண்ணசைவை நடத்தும் சிறுமூளை, மூளைத்தண்டுப் பகுதிகளில் மருந்து மிஞ்சிவிட்டதற்கு அடையாளம்.

ஆனால் யாருக்கும் மில்லிகிராம் கூடவில்லை! அதே மருந்து, அதே அளவு. ரத்தத்தில் பார்த்தால் மட்டும் எகிறியிருக்கிறது.

கடைசியில் பிடிபட்டது காப்ஸ்யூலை நிரப்பும் வெறும் மாவு. முன்பு கால்சியம் சல்ஃபேட் இருந்தது, அது மருந்தில் ஒரு பகுதியைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுத்துவந்தது. கம்பெனி அதை லாக்டோஸாக மாற்றியதும் தடை போய்விட்டது. 1970-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டைரர், ஈடி முதலான டாக்டர்கள் இதை எழுதினார்கள்.

கொஞ்சம் கூடினால் இவ்வளவு ஆட்டமா? நம்ம பென்ஷன் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நூறு பேரைத்தான் அனுப்ப முடியும். தினமும் நூற்றுப்பத்து பேர் வந்தால்? மிச்சம் பத்து, நாளைக்கு இருபது, மறுநாள் முப்பது. ஃபெனிட்டாய்னைக் கரைக்கும் ஈரலும் ஓர் அளவுக்கு மேல் இப்படித்தான் திணறும். ரத்தத்தில் மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது வழக்கமான வரம்பு. அதைத் தாண்டும்போது பெரும்பாலும் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

ஊரிலிருந்து அப்பா அம்மா நம்மிடம் வந்து மூன்று மாதம் தங்குகிறார்கள். கொண்டுவந்த அட்டை தீர்ந்துவிடுகிறது. இங்கே கடைக்காரர் வேறு பிராண்டை நீட்டி, "சேம் ஹீ ஹை, அங்கிள்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பிரிஸ்பேனிலும் மருந்து சேம்தான்! ஆகவே இந்த ஒரு மருந்துக்காவது ஊர் அட்டையையே காட்டிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் டாக்டருக்கு ஒரு போன். மாற்றிய பிறகு தள்ளாட்டமோ இரட்டைப் பார்வையோ வந்தால் உடனே டாக்டரிடம் போய் ரத்த அளவு பார்க்கச் சொல்லுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும்.