60 கேள்வி, 16 நிமிஷம்... அமெரிக்க கத்தோலிக்கப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

16 நிமிஷத்துல 60 கேள்வி. அதாவது கேள்விக்கு 16 விநாடி. படிச்சு, யோசிச்சு, பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கி, அடுத்ததுக்குப் போகணும். எழுதப்போறது 13 வயசுப் பிள்ளை!

அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள், கத்தோலிக்க ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பு சேர எழுதும் ஹெச்.எஸ்.பி.டி தேர்வின் முதல் பகுதிதான் இது. நீங்கள் அங்கே குடும்பத்தோடு இருக்கலாம். இல்லைன்னா, இங்கேருந்து வாட்ஸ்அப் காலில் அக்கா பையனுக்குக் கணக்கு சொல்லித்தரும் சித்தியாகவோ மாமாவாகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் முதலில் ஒன்றைப் புரிஞ்சுக்கோங்க. இந்தத் தேர்வில் பாடம் கஷ்டமில்லை, கடிகாரம்தான் கஷ்டம்.

எந்த ஊருக்கு எந்தத் தேர்வு?

நாடு முழுக்க ஒரே தேர்வு கிடையாது. நியூயார்க் நகரத்திலும் அதைச் சுற்றியும் உள்ள பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘டாக்ஸ்’ தேர்வு. நவம்பரில் நடக்கும், ஜனவரியில் முடிவு வரும். மூன்று பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கோர் அந்தப் பள்ளிகளுக்குப் போய்விடும். வாசிப்பு, மொழி, கணக்கு, அதோடு படங்களையும் வடிவங்களையும் வைத்து யோசிக்கும் திறன் பகுதி ஒன்று.

மற்ற பல மாநிலங்களில் ஹெச்.எஸ்.பி.டி. இதைத் தயாரிப்பது ஸ்காலஸ்டிக் டெஸ்டிங் சர்வீஸ் என்ற நிறுவனம். தேதியை அந்தந்தப் பள்ளியோ மறைமாவட்டமோ முடிவு செய்யும். பெரும்பாலும் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. ‘ரெண்டு ஸ்கூலுக்குப் போய் ரெண்டு தடவை எழுதி, நல்ல ஸ்கோரைக் காட்டலாமே’ன்னு ஐடியா பண்ணாதீங்க. இரண்டு முறை எழுதினால் முதல் ஸ்கோரையோ, இருப்பதில் குறைவானதையோதான் எடுப்போம் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. ஒரு இடத்தில் எழுதிவிட்டு மற்ற பள்ளிக்கு ஸ்கோரை அனுப்பச் சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

‘நாங்க கத்தோலிக்கர் இல்லையே?’ பெரும்பாலான பள்ளிகளில் அது பிரச்னையே இல்லை. மற்ற மதப் பிள்ளைகளும் படிக்கிறாங்க. ஆனால் மதப் பாடத்தை எல்லாரும் படித்தாகணும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு விண்ணப்பிங்க. விதிவிலக்கும் உண்டு. மன்ஹாட்டனில் 1914-ல் தொடங்கிய ரீஜிஸ் பள்ளியில் கட்டணமே கிடையாது, ஆனால் கத்தோலிக்கப் பையன்களுக்கு மட்டும்தான் இடம். கொரோனா காலத்தில் டி.வி-யில் தினமும் பார்த்தோமே டாக்டர் ஆன்டனி ஃபௌச்சி, அவர் படித்த பள்ளி அது.

பாஸா ஃபெயிலா?

ரெண்டுமே இல்லை. 1965 வாக்கில் அமெரிக்க கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேலான பிள்ளைகள் படித்தார்கள். இன்று 20 லட்சம்கூட இல்லை. நாலைந்து பேர்பெற்ற பள்ளிகளை விட்டுவிட்டால், பிள்ளைகளை வடிகட்டி வெளியே அனுப்பும் நிலையில் பல பள்ளிகள் இல்லை. ஹெச்.எஸ்.பி.டி-யின் பெயரிலேயே ‘பிளேஸ்மென்ட்’ இருக்கு பாருங்க. ஒன்பதாம் வகுப்பில் ஆனர்ஸ் கணக்கா, சாதாரணக் கணக்கா என்பதை முடிவு செய்ய இந்த ஸ்கோர் உதவுகிறது.

இன்னொன்று, பணம். கட்டணம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். நல்ல ஸ்கோருக்கு ஸ்காலர்ஷிப் தரும் பள்ளிகள் நிறைய. நடுத்தரக் குடும்பத்துக்கு ‘சேரலாமா, வேண்டாமா’ என்பதே அந்தத் தொகையில்தான் நிற்கும். கூடவே ஏழாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டையும் பள்ளிகள் பார்க்கும் என்பதால், தயாரிப்பு உண்மையில் ஒரு வருஷம் முன்பே, சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது.

298 கேள்விகளின் கணக்கு

ஹெச்.எஸ்.பி.டி-யில் ஐந்து பகுதிகள், மொத்தம் 141 நிமிஷம். சொல் திறன் 60 கேள்விக்கு 16 நிமிஷம். எண் திறன் 52 கேள்விக்கு 30. வாசிப்பு 62 கேள்விக்கு 25. கணக்கு 64 கேள்விக்கு 45. மொழி 60 கேள்விக்கு 25. கால்குலேட்டர் கிடையாது.

எண் திறன் பகுதியில் 3, 6, 5, 10, 9, 18... அடுத்து என்ன என்பது போலக் கேட்பார்கள். இரண்டால் பெருக்கு, ஒன்றைக் கழி, மறுபடி பெருக்கு. விடை 17. இதை எந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுடும். அரை நிமிஷத்துல போடணும் என்பதுதான் விஷயம்.

சொல் திறனில் ஒரே பொருள் சொற்கள், எதிர்ச்சொற்கள், ‘இது அதற்கு என்றால் இது எதற்கு’ ரகம், கூட்டத்தில் சேராத சொல், கூடவே தர்க்கக் கேள்விகள். ‘ரவி மணியைவிட உயரம், ரவி பாபுவைவிடவும் உயரம். அப்படின்னா மணி பாபுவைவிட உயரம்’ என்பது சரியா, தவறா, சொல்ல முடியாதா? சொல்ல முடியாது என்பதுதான் விடை. அவசரத்தில் பிள்ளைகள் ‘சரி’ என்று போட்டுவிடும் இடம் இது.

இப்போ நம்ம ஊர் அப்பா அம்மாக்களுக்கு ஒரு ஸ்பெஷல் எச்சரிக்கை. ஜே.இ.இ எழுதி வளர்ந்த தலைமுறை நாம். ‘தெரியலைன்னா தொடாதே, மைனஸ் மார்க்’ என்பது ரத்தத்தில் ஊறிப்போச்சு. அதே அறிவுரையைப் பிள்ளைக்கும் சொல்லிவிடாதீங்க. ஹெச்.எஸ்.பி.டி-யிலும் டாக்ஸிலும் தவறான விடைக்கு மார்க் குறையாது. நான்கு விடைகள் உள்ள பத்து கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினாலும் சராசரியாக இரண்டு, மூன்று சரியாக விழும். ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது. கடைசி அரை நிமிஷத்தை இதற்கென்றே ஒதுக்கப் பழக்குங்க.

எப்படித் தயாராவது?

முதல் நாளே புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். டைமர் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதட்டும். ஸ்கோர் மோசமாகத்தான் வரும், வரட்டும். பிறகு தவறுகளை இரண்டாகப் பிரியுங்க. தெரியாமல் விட்டவை ஒரு பக்கம், நேரம் போதாமல் விட்டவை இன்னொரு பக்கம். முதல் வகைக்குப் பாடம் வேண்டும். பின்னம், சதவிகிதம், விகிதம், கமா, பெரிய எழுத்து விதிகள் இவற்றில்தான் ஓட்டை இருக்கும். இரண்டாம் வகைக்குப் பாடம் வேண்டாம், பயிற்சி மட்டும்தான்.

அதன் பிறகு எட்டு வாரம், வாரம் ஐந்து நாள், தினம் 20 முதல் 30 நிமிஷம். என் கருத்தில் இதுவே போதும். ஒரு நல்ல பயிற்சிப் புத்தகத்தை முழுசா முடிப்பது, காஸ்ட்லி கோச்சிங்கில் அரைகுறையாக உட்கார்வதைவிட மேல். ஆயிரம் சொல் மனப்பாடப் பட்டியலும் வேண்டாம். பிள்ளை விரும்பும் கதைப் புத்தகத்தில் சந்திக்கும் புதுச் சொற்கள் நினைவில் நிற்கும்.

விடைத்தாளையும் சேர்த்தே பழக்கணும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு, வட்டத்தைத் தாண்ட மறந்தால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். பத்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பது ரெண்டு விநாடி வேலை.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் பதிவு செய்யும்போதே ஆவணங்களோடு கேட்கணும். தேர்வு அன்று காலையில் கேட்டால் கிடைக்காது.

முடிவு வந்ததும் அதில் பர்சென்டைல் என்று ஒரு எண் இருக்கும். 72 என்று இருந்தால் 100-க்கு 72 மார்க் இல்லை. ஒப்பிடப்படும் பிள்ளைகளில் 100-ல் 72 பேர் உங்க பிள்ளைக்குக் கீழே இருக்காங்கன்னு அர்த்தம். ‘என்னடா, 72தானா?’ என்று கேட்க வாயைத் திறக்கும் முன்னாடி, அந்தத் தாளை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க.