செவிலியச் சொற்கள்: தொற்றுத் தடுப்பும் கழிவு நீக்கமும் (குடிபாலா – வேலூர் வட்டாரம்)

செவிலியப் பயிற்சியின் முதல் ஆண்டிலேயே மாணவி கற்றுக்கொண்டாக வேண்டிய சொற்களில் இரண்டு தொகுதிகள் உண்டு. நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவாமல் தடுப்பதைப் பற்றியவை ஒரு தொகுதி. சிறுநீரும் மலமும் உடலைவிட்டு வெளியேறுவதைப் பற்றியவை இன்னொரு தொகுதி. பாடநூலில் இவை தனித்தனிப் பாடங்களாக இருக்கும். வார்டில் இரண்டும் ஒரே வேலைதான். பெட்பேனை எடுத்துச் செல்லும் கைதான் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு ஊசியும் போடுகிறது.

குடிபாலா, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் வேலூர் எல்லையை ஒட்டிய மண்டலம். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஊர்கள் இங்கே ஏராளம். 1911-ல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை இந்தப் பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் அமையும் வரை சென்னையின் ஆட்சியில் இருந்தது. எல்லை வந்த பிறகும் உடம்புக்கு முடியாதவர்கள் வேலூருக்குப் போவது நிற்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம், இதே மண்டலத்தின் ராமாபுரத்தில்தான் இருக்கிறது. ஆகவே குடிபாலாவில் இன்று வழங்கும் செவிலியச் சொற்களின் வரலாறு பெரும்பாலும் வேலூர் வழியாக வந்த வரலாறு.

மருத்துவமனைக்கு முன்பு

நோய் பரவும் என்பதைத் தமிழர் மருத்துவமனை வந்த பிறகு தெரிந்துகொள்ளவில்லை. ஒட்டிப் பரவும் நோயை ஒட்டுவாரொட்டி என்றார்கள். காலராவை வாந்திபேதி என்றார்கள். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினால், அந்நியர் உள்ளே வரக்கூடாது என்று ஊருக்கே தெரியும். கழிவு நீக்கத்துக்கும் சித்த மருத்துவத்தில் நுட்பமான சொற்கள் இருந்தன. நீர்க்கடுப்பு, நீரடைப்பு, மலச்சிக்கல், கழிச்சல், சீதபேதி என்று குறிகளைப் பிரித்துச் சொன்னார்கள். ஆசனவாய் வழியே மருந்து செலுத்தும் பீச்சு, சித்தரின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளுள் ஒன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றுடன் பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக வைக்கிறது.

சொல் இருந்தது. ஆனால் அந்தச் சொற்களோடு தீட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மலம், சிறுநீர், இரத்தம், பிரசவ நீர் எல்லாமே தீட்டு. அவற்றைத் தொடுபவரும் தீட்டு. இந்தியாவில் செவிலியப் பயிற்சி தொடங்கிய காலத்தில் பெண்களை அனுப்பக் குடும்பங்கள் தயங்கியதற்கு இதுவே பெரிய காரணம். முதல் தலைமுறைச் செவிலியரில் கிறித்தவப் பெண்களும் ஆதரவற்ற பெண்களும் அதிகம் இருந்ததற்கும் இதையே காரணமாகச் சொல்ல வேண்டும். தீட்டு ஆளைப் பார்த்து விலக்குகிறது. தொற்றுத் தடுப்பு ஆளை விலக்குவதில்லை. கிருமி போகும் வழியை மட்டும் அடைக்கிறது. குளித்துவிட்டால் தீட்டுப் போய்விடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த பெண்ணிடம், இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பழக்குவது எளிய காரியமாக இருந்திருக்காது. இந்த வரலாற்றின் கடினமான பகுதி சொற்களை மொழிபெயர்ப்பதில் இல்லை, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்தான் இருந்தது.

தமிழில் படித்திருக்கலாம்

மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்பதைச் செய்து காட்டியவர், 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழில் பாடம் நடத்தினார். உடற்கூறு, பிரசவம், அறுவை பற்றிய நூல்களை மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். 1867-ல் வெளிவந்த இரண வைத்தியம் அவற்றுள் ஒன்று. கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது. வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் பிரசவ வார்டில் கை கழுவச் சொன்னது, கிறீன் இலங்கைக்கு வந்த அதே 1847-ல்தான். ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மைப்படுத்தும் முறையை வெளியிட்டது 1867-ல். கிறீனின் முயற்சி தொடர்ந்திருந்தால் செவிலியச் சொற்களும் தமிழிலேயே வளர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தொடரவில்லை. பயிற்சி ஆங்கிலத்துக்குப் போனது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் செவிலியப் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் சிறு மருத்துவ நிலையத்தையும், 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையையும் தொடங்கினார். செவிலியர் பள்ளி 1909-ல் அங்கே உருவானது. 1926-ல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து, பதிவு பெற்ற செவிலியர் என்ற நிலை சட்டப்படி ஏற்பட்டது. வேலூர்ப் பள்ளி 1946-ல் கல்லூரியாகிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவிலேயே செவிலியத்துக்கான முதல் பட்டப்படிப்புகளில் அதுவும் ஒன்று.

அந்த வகுப்பறைகளில் கற்ற ஏசெப்ஸிஸ், ஸ்டெரைல், கன்டாமினேஷன், ஐசொலேஷன், டிஸ்இன்ஃபெக்‌ஷன் ஆகிய சொற்கள் தமிழ்ச் செவிலியரின் பேச்சில் ஊறிவிட்டன. இவற்றுள் அடிப்படையானது ஒரு பிரிவினை. கிருமிகளைக் குறைத்து, பரவாமல் பார்த்துக்கொள்வது மெடிக்கல் ஏசெப்ஸிஸ். கை கழுவுவது, பெட்பேனை மூடி எடுத்துப் போவது இதில் சேரும். கிருமியே இல்லாத நிலையைக் காப்பது சர்ஜிக்கல் ஏசெப்ஸிஸ். அறுவை, கதீட்டர் போடுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் இதில் அடங்கும். ‘சுத்தம்’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லால் இரண்டையும் குறித்துவிட முடியாது. சோப்பால் கழுவிய கத்தரிக்கோல் சுத்தமானது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் உரிய நேரம் இருந்து வந்ததுதான் ஸ்டெரைல். ஸ்டெரைல் துணியை உறையில்லாத கை தொட்டால், அந்தக் கை எவ்வளவு கழுவப்பட்டிருந்தாலும், துணி கன்டாமினேட் ஆகிவிட்டது. அதை மாற்றியே தீர வேண்டும்.

ஆரோக்கியவரமும் சளிக் குவளையும்

சித்தூர் மாவட்டத்துக்கே உரிய ஓர் அத்தியாயம் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம். 2022-ல் அன்னமய்யா மாவட்டம் பிரியும் வரை மதனப்பள்ளி சித்தூரைச் சேர்ந்தது. மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் சானடோரியம் 1915-ல் அங்கே நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோல்லர் அதை வளர்த்தெடுத்தார். மருந்தில்லாத காலத்தில் சானடோரியங்களிடம் இருந்தவை ஓய்வு, உணவு, காற்று, ஒழுங்கு ஆகியவையே. அந்த ஒழுங்கின் மையம் சளி. கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள குவளையில் துப்புவது, அதை எரித்து அழிப்பது, இருமும்போது வாயை மூடுவது எல்லாம் மருத்துவ ஆணையாகவே நோயாளிக்குக் கற்பிக்கப்பட்டன. சளியைக் குறிக்கும் ஸ்புட்டம் என்ற சொல் இந்த மாவட்டத்தில் செவிலியர் வாயில் நிலைத்ததற்கு ஆரோக்கியவரத்துக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி 1948-ல் முன்னோடியாகத் தொடங்கப்பட்டதும் மதனப்பள்ளியில்தான்.

கட்டில் அருகே

கழிவு நீக்கச் சொற்களில் செவிலியர் இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்கிறார். சார்ட்டில் எழுதும் மொழி வேறு, நோயாளி பேசும் மொழி வேறு. குடிபாலா, வேலூர்ப் பக்கத்து முதியவர் ‘வெளிக்குப் போகலை’ என்பார். இன்னொருவர் ‘கொல்லைக்குப் போகலை’ என்பார். சிறுநீர் ஒண்ணுக்கு, மலம் ரெண்டுக்கு. ‘வயித்தால போவுது’ என்றால் கழிச்சல். தெலுங்குக்காரர் அதையே ‘விரேசனாலு’ என்பார். செவிலியர் இவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அம்மா, இன்னைக்கு மோஷன் போனீங்களா?’ என்று கேட்பார். பக்கத்துக் கட்டிலில் ‘மோஷன் அயிந்தா?’ என்று கேட்பார். மோஷன், யூரின் ஆகிய இரண்டும் இரு மொழிகளுக்கும் பொதுவாகி, கூச்சத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டன. இவற்றைக் கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்குவது சரியாகாது. மருமகன் பக்கத்தில் நிற்கும்போது மாமியாரால் பதில் சொல்ல முடிகிற சொற்கள் இவைதான்.

ஆனால் பொதுச் சொல்லோடு நின்றுவிட்டால் ஆபத்து. ‘மோஷன் கறுப்பா போச்சு’ என்று நோயாளி சொன்னால், அடுத்து கேட்க வேண்டியவை பல. தார் போலப் பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு இருந்ததா? அப்படியானால் மெலீனா, வயிற்றிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிந்து, செரித்து வருகிறது, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? அதனாலும் மலம் கறுக்கும். சிவப்பாக இரத்தம் கலந்து போனால் அதற்கு ஹெமடோகீசியா என்று வேறு பெயர். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால்தான் டயரியா என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பல நாள் மலம் இறுகிக் கிடக்கும் முதியவருக்கு, அந்த இறுகலைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் கசிவதுண்டு. அதைக் கழிச்சல் என்று எழுதிவிட்டால் சிகிச்சையே தலைகீழாகிவிடும். அந்த இறுகலின் பெயர் இம்பாக்‌ஷன்.

சிறுநீருக்கு அளவே மொழி. நாளொன்றுக்கு 400 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் ஒலிகூரியா. 100-க்கும் குறைந்தால் அனூரியா. 3 லிட்டரைத் தாண்டினால் பாலியூரியா. எரிச்சலோடு போனால் டிஸ்யூரியா, அதாவது நம் நீர்க்கடுப்பு. குடித்த காபி, ஏற்றிய குளுக்கோஸ், வாந்தி, சிறுநீர் எல்லாம் இன்டேக்–அவுட்புட் சார்ட்டில் ஏறும். துணைக்கு இருப்பவர் சிறுநீரை அளக்காமல் கொட்டிவிட்டு ‘கொஞ்சம் போச்சு சிஸ்டர்’ என்றால், சிறுநீரகம் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்கும் முதல் வாய்ப்பு கைநழுவிவிடும். அளவுக் குடுவையைக் காட்டி, எந்தக் கோடு வரை என்று பார்த்துச் சொல்லும்படி முதல் நாளே கற்றுக்கொடுப்பது நல்ல செவிலியரின் வழக்கம்.

இரண்டு தொகுதிகளும் நேருக்கு நேர் சந்திப்பது கதீட்டரில். அதன் பருமனைக் குறிக்கும் ஃப்ரெஞ்ச் அளவு, 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேரிடமிருந்து வந்தது. ஓர் எண் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வார்டில் ‘பதினாறாம் நம்பர் ஃபோலீஸ் எடுங்க’ என்றால், ஐந்து மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பருமனான குழாய். நுனியில் சிறு பலூன் உள்ள இந்த வகை, 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி உருவாக்கியது. திறந்த பாட்டிலில் சிறுநீரை வடித்த காலத்தில் நான்கைந்து நாளில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் பாக்டீரியா சேர்ந்துவிட்டது. மூடிய பை வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது, குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைத் தேவையின்றிக் கழற்றக்கூடாது என்று இன்றும் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பையை வயிற்றின் மேல் தூக்கி வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேங்கிய சிறுநீர் திரும்பி உள்ளே போகிறது.

1986-க்குப் பிறகு

சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் 1986-ல் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முறையாகத் தெரியவந்தது. யாரிடம் கிருமி இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற யுனிவர்சல் பிரிகாஷன்ஸ் அந்தக் காலத்தில் உலகெங்கும் பரவியது. 1996-ல் அது விரிந்து, வியர்வை தவிர்த்த எல்லா உடல் நீர்களையும் உள்ளடக்கும் ஸ்டாண்டர்ட் பிரிகாஷன்ஸ் ஆனது. பழைய தீட்டுக்கு நேர் எதிரான கருத்து இது. எல்லோரிடமும் ஒரே எச்சரிக்கை, எல்லோரிடமும் ஒரே மரியாதை. ஆனாலும் கட்டிலில் தனி அடையாளம் வைப்பது, ஒருவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை போடுவது என்று பழைய விலக்கல் புதிய பெயரில் திரும்பி வந்த இடங்களும் உண்டு. ஸ்டாண்டர்ட் என்ற சொல்லின் பொருளையே அது அழிக்கிறது.

கழிவு மேலாண்மைக்கு 1998-ல் முதல் விதிகள் வந்தன. 2016-ல் அவை திருத்தி எழுதப்பட்டன. செவிலியர் பேச்சில் நிறங்களே சொற்களாகிவிட்டன. இரத்தமும் மலமும் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில், காலி செய்த யூரின் பை, கதீட்டர், கையுறை சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விதி ஒன்றே. செவிலியர் பதிவுக் கவுன்சில் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கழிவு விதி ஒன்றாக இருந்தாலும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ஆய்வின் பயன் இரு மாநிலங்களுக்கும் வெவ்வேறு நேரத்தில் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கான ரோட்டாவாக் தடுப்பு மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2014-ல் வெளியாயின. 2016-ல் அரசு ரோட்டா தடுப்பு மருந்தை முதலில் தொடங்கிய நான்கு மாநிலங்களில் ஆந்திரம் ஒன்று. தமிழ்நாட்டுக்கு அது 2017-ல் வந்தது. சோதனை நடந்த வேலூரின் குழந்தைகளுக்கு முன்பே, எல்லை தாண்டிய குடிபாலாவின் குழந்தைகளுக்கான அட்டவணையில் ரோட்டா இடம்பெற்றுவிட்டது. வீட்டு வாசலில் துணைச் செவிலியரான ஏ.என்.எம்.மும் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவும் அதைச் சொட்டு மருந்து என்றே சொல்கிறார்கள். போலியோ சொட்டா, வயிற்றுப்போக்குச் சொட்டா என்று தாய் கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்லி அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்கள்.