தோற்பாவையும் விளக்குக் கூடும்

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஆட்டுத்தோல் என்றால் தோல் ஷாப்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து அது காலணியாகவோ கைப்பையாகவோ வெளியேறும். அதே ஆட்டுத்தோலுக்குத் தென்னிந்தியாவில் வேறொரு பழைய வழியும் உண்டு. அது தோற்பாவை. மயில், மான், யானை, மீன் உருவங்கள் வரைந்த தோல் விளக்குக் கூடுகள் இன்று வீட்டு வரவேற்பறைகளிலும் விடுதிகளிலும் தொங்குகின்றன. அவை இந்த வழியில் வந்தவையே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பதனிடுதலில் இருக்கிறது. தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கிய தோலை, முற்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பிலும் ஊறவைப்பார்கள். தோல் அழுகாது, வளையும். ஆனால் ஒளி புகாது. பாவைக் கலைஞருக்கு வேண்டியதோ ஒளி புகும் தோல். ஆகவே அவர் பதனிடுவதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார். தோல் கண்ணாடித்தாள்போல் ஆகும். அதில் உருவம் வரைந்து, சிற்றுளியால் துளையிட்டு, இருபுறமும் வண்ணம் தீட்டுவார். நகையும் ஆடை விளிம்பும் திரையில் மின்னுவது அந்தத் துளைகளால்தான்.

தமிழ்நாட்டில் தோற்பாவைக்கூத்து நடத்துவோர் மராத்தி பேசும் குடும்பத்தினர். தஞ்சை மராட்டியர் காலத்தோடு இவர்களின் வருகையைத் தொடர்புபடுத்துவது வழக்கம். பின்னாளில் மதுரை, கன்னியாகுமரிப் பகுதிகளில் நிலைத்தனர். ஆந்திரத்தில் இக்கலைக்குத் தோலு பொம்மலாட்டம் என்று பெயர். அங்குப் பாவைகள் ஆளுயரம்வரை இருக்கும். இரு மரபிலும் கதை பெரும்பாலும் இராமாயணமே. விலங்குகளுக்குப் பஞ்சமில்லாத கதை அது: மாயமான், ஜடாயு, வாலி, சுக்ரீவன், அனுமன்.

திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்தபின் இரவுக்கூத்துக்கு ஆள் குறைந்தது. ஆந்திரத்தில் தர்மாவரம் அருகிலுள்ள நிம்மலகுண்டா கிராமத்துக் கலைஞர்கள் அப்போது கையை வேறு பக்கம் திருப்பினர். கம்பிச் சட்டத்தில் தோலை இழுத்துத் தைத்து விளக்குக் கூடு செய்தார்கள். சுவர்ப்படமும் அறைத்தடுப்பும் உடன் வந்தன. அவ்வூர்க் கலைஞர் தலவாய் சலபதி ராவ் 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆந்திரத் தோற்பாவைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆவாரம்பட்டை மரபில் வந்த நம் 'ஈஸ்ட் இந்தியா' தோலும் அக்குறியீடு பெற்றதுதான்.

வாங்குவோருக்குக் கதைமாந்தரைவிட விலங்கும் பறவையும் எளிது. மயிலை அடையாளம் காணக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மாயமான் சீதையின்முன் துள்ளியது பாட்டாலும் ஆட்டுபவரின் விரலாலும். விளக்குக் கூட்டில் அது அசையாமல் நிற்கிறது. உளி பிடிக்கும் கை பிழைத்துக்கொண்டது. பாட்டுக்கு அப்படியொரு வாங்குபவர் கிடைக்கவில்லை. இதைக் கலையின் மறுமலர்ச்சி என்று மட்டும் சொல்லிவிடுவது பாதி உண்மையே.

முன்பு தெய்வப் பாவைகளுக்கு மான்தோலைப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அது கூடாது. இன்று விளக்கில் தெரியும் புள்ளிமானும் ஆட்டுத்தோலில் வரைந்ததே. பதனிடாத தோல் என்பதால் ஈரம் பட்டால் நெகிழ்ந்துவிடும். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. சூடு குறைந்த எல்.இ.டி. பல்பு இதற்கு ஏற்றது.