ஹெட்லைட் மங்கலா இருக்கா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க!

தஞ்சாவூர் - புதுக்கோட்டை ரோட்டுல, கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடுகள் அதிகம். ராத்திரியில திடீர்னு மாடு குறுக்கே வந்தா, பழைய காரோட ஹெட்லைட்டை நம்ப முடியாது. அதுக்காக 100/90 வாட்ஸ் பல்பு வாங்கிடாதீங்க. கம்பெனி ஒயரிங் 60/55 வாட்ஸ் ஹெச்4 பல்புக்கானது. கூடுதல் சூட்டில் ஹோல்டரே உருகலாம்.

பல நேரம் பிரச்னை பல்பில் இல்லை. ஸ்விட்ச் வழியா சுத்தி வர்றதுல வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைஞ்சாலே, வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் போயிடும். ஃபியூஸோட ரிலே கிட் போட்டு, பேட்டரியிலிருந்து நேரடியா கரன்ட் கொடுத்தா, அதே பல்பு பளிச்னு எரியும். பிளாஸ்டிக் லென்ஸ் மஞ்சளாகியிருந்தா பாலிஷ் போடுங்க. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள்ள எல்இடி பல்பைச் செருகுறது மட்டும் வேண்டாமே... வெளிச்சம் சிதறி, எதிர்ல பைக்ல வர்றவருக்குக் கண்ணு கூசும்!