அச்சும் அடித்தளமும்

ஒரு கட்டடம் முற்றுப்பெற்றதும் நாம் அதன் தூண்களையும் மாடங்களையும் கண்டு வியக்கின்றோம். அவற்றுக்கு உருக்கொடுத்த பலகைகளோ அதற்கு முன்னரே கழற்றி எடுத்துச் செல்லப்பட்டுவிடுகின்றன. கான்கிரீட்டுக்குத் தனக்கென ஓர் உருவமில்லை. வார்க்கும் அச்சின் உருவமே அதன் உருவம். ஆகவே கான்கிரீட்டின் வரலாற்றைக் கூறப் புகுவோர் சென்ட்ரிங் பலகையின் வரலாற்றையும் கூறியே ஆதல் வேண்டும்.

பழைய உரோமானியர் இக்கலையில் வல்லவர்கள். தரைக்கு மேல் எழும் சுவருக்குச் செங்கல்லாலோ சிறு கற்களாலோ இருபுறமும் முகப்புக் கட்டி, சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கல்லும் சேர்ந்த கலவையை இடையில் நிரப்பினர். அங்கே செங்கல்லே நிலையான அச்சாயிற்று. கடைகாலுக்கோ குழி தோண்டி, மரக்கால் நட்டு, பலகை அடைத்து வார்த்தனர். உரோமாபுரியின் பாலடைன் குன்றில், மண் அகன்று வெளிப்பட்ட அடித்தளங்களில் அந்தக் கால்களும் பலகைகளும் பதிந்த தடங்களை இன்றும் காணலாம். மரம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் தச்சனின் கைத்தடம் அழியவில்லை.

கடைகாலைத் தனியே வார்த்து, அது இறுகிய பின்னர்ச் சுவரை எழுப்புவதே பொது வழக்கம். அவ்வாறு செய்யின் இரண்டுக்கும் இடையே ஒரு பொருத்து உண்டாகிறது; தக்க காப்பில்லையேல் நிலத்தடி நீர் அவ்வழியே கசியும். இரண்டையும் ஒருசேர வார்த்தால் அக்குறை நீங்கும். ஆயின் வேறோர் இடர் எழுகிறது. ஈரக் கான்கிரீட் நீரைப்போல் நாற்புறமும் அழுத்துவது. ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். மூன்று மீட்டர் உயரச் சுவரை விரைந்து நிரப்பினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 7,000 கிலோகிராமுக்கு மேல் பாரம் தாக்கும். அப்போது சுவருக்குள் இட்ட கலவை, அகன்ற கடைகாலின் திறந்த மேற்புறம் வழியே பொங்கி வழியும்; அங்கே மூடி இட்டாலோ அச்சையே மேலே தூக்கப் பார்க்கும். எனவே அச்சைத் தரையோடு பிணைக்க வேண்டும். கடைகாலில் இட்ட கலவை சற்றே விறைப்பேறும் வரை பொறுத்து, ஆனால் அது இறுகிப்போவதற்கு முன், சுவரைப் படிப்படியாக நிரப்ப வேண்டும்.

ஒரே வார்ப்பு என்னும் கனவை மிகப் பெரிதாகக் கண்டவர் அமெரிக்க அறிஞர் தாமஸ் எடிசன். நிலவறைச் சுவர் முதல் கூரை வரை முழு வீட்டையும் இரும்பு அச்சில் ஒருங்கே வார்க்கும் முறைக்கு அவர் 1908இல் காப்புரிமை கோரினார், 1917இல் பெற்றார். கல் அடியில் தங்கிவிடாமல் கலவை எங்கும் ஓடிப் பரவும்பொருட்டுக் களிமண் போன்ற பொருளையும் அதில் சேர்க்கச் சொன்னார். தொழிலாளர் குடும்பத்துக்கு மலிவான வீடு தருவதே அவர் நோக்கம். நியூஜெர்சியின் யூனியன் என்னும் ஊரில் 1917இல் அத்தகைய வீடுகள் சில எழுந்தன. ஆயினும் முயற்சி பரவவில்லை. வீடு மலிவு, அச்சோ விலையேறியது. அதன் உறுப்புகள் 2,000-க்கும் மேற்பட்டவை. சில வீடுகளை மட்டும் கட்டும் சிறு முதலாளியால் அச்செலவைத் தாங்க இயலவில்லை.

அன்று தோற்ற எண்ணம் இன்று நம் நாட்டில் வென்றிருக்கிறது. மும்பை, தில்லி, பெங்களூர் முதலிய நகரங்களின் அடுக்குமாடிகளில் சுவரையும் தளத்தையும் அலுமினிய அச்சில் ஒருங்கே வார்க்கின்றனர். ஒரே அமைப்புள்ள வீடுகள் நூற்றுக்கணக்கில் எழுவதால், அச்சின் விலை அவை அனைத்தின்மீதும் பங்கிடப்படுகிறது.

எனினும் விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண சிமென்டாயின், வெப்பம் 15 பாகைக்குக் குறையாதபோது, சுவர்ப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரம் கழித்தே அகற்றலாம்; 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளும், அதனினும் அகன்றதை 14 நாளும் விட்டுவைக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. இக்கணக்கை மீறி முட்டைப் பிடுங்கினால், அடியில் நிற்கும் சித்தாளின் உயிரே பணயமாகிறது.

பிழைப்பை நாடி வந்த ஊர்களில் நாம் வாடகைக்கோ சொந்தமாகவோ குடிபுகும் வீடுகள் பலவும் இவ்வாறு எழுந்தவையே. அவ்வீட்டின் உறுதி சிமென்டில் மட்டும் இல்லை. பலகை அடைத்தவர் கைத்திறத்திலும், அதனைக் கழற்றுமுன் காட்டிய பொறுமையிலும் இருக்கிறது.