கப்பல் வரியும் மக்கள் இசைவும்

போர்க்காலத்தில் கடலோர ஊர்கள் அரசருக்குக் கப்பலோ அதற்கு ஈடான பணமோ தருவது இங்கிலாந்தின் பழைய வழக்கம். 1634இல் அரசர் முதலாம் சார்லஸ், நாடாளுமன்றத்தைக் கூட்டாமல், அமைதிக்காலத்திலேயே இந்தக் கப்பல் வரியை விதித்தார்; மறு ஆண்டு உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அதை விரிவுபடுத்தினார். ஜான் ஹாம்டன் என்ற நிலவுடைமையாளர் 20 ஷில்லிங் கட்ட மறுத்தார். தொகை சிறிது, மக்கள் இசைவின்றி அவர்கள் பணத்தை அரசர் எடுக்கலாமா என்ற கேள்வியோ மிகப் பெரிது. அவர்மீதான வழக்கில் 1638இல் 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆனால் 1641இல் நாடாளுமன்றம் அவ்வரியைச் சட்டவிரோதம் என அறிவித்தது. நாடாளுமன்ற ஒப்புதலின்றி அரசருக்காகப் பணம் திரட்டக் கூடாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் உறுதிசெய்தது. வரிப்பணம் மக்களுடையது, அரசு அதன் பொறுப்பாளரே என்னும் கொள்கைக்கு இப்போராட்டம் வலுவான அடித்தளமிட்டது.